ஜாவாவில் அஜாக்ஸ்: மாவட்டம் மாறினால் தாலுகா மட்டும் மாறட்டும்

முகவரிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பெயர், கைபேசி எண், கதவு எண், தெரு எல்லாம் அடித்தாயிற்று. மாவட்டப் பட்டியலில் மதுரை என்று இருப்பதைத் தேனி என்று மாற்றுகிறீர்கள். திரை ஒரு நொடி வெளுத்துப்போகிறது. பக்கம் திரும்பி வரும்போது உச்சியில் போய் நிற்கிறது. கீழே உருட்டிப் பார்த்தால் தாலுகாப் பட்டியலில் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் ஒழுங்காக வந்திருக்கின்றன. ஆனால் கைபேசி எண் இருந்த கட்டம் காலி.

நான் ஜாவா கற்றுக்கொண்டு எழுதிய முதல் படிவம் இப்படித்தான் இருந்தது. தேவைப்பட்டது ஐந்து ஊர்ப் பெயர்கள். அதற்காகத் தலைப்பு, மெனு, லோகோ, அடிக்குறிப்பு என்று மொத்தப் பக்கத்தையும் சர்வர் மறுபடி கட்டி அனுப்பியது. ஒரு பல்ப் மாற்றுவதற்காக வீடு முழுக்க வெள்ளையடித்த கதை.

பழைய வலையின் இயல்பே அதுதான். பிரவுசர் ஒரு முகவரியைக் கேட்கும், சர்வர் ஒரு முழுப் பக்கத்தைத் தரும், பிரவுசர் கையில் இருந்த பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைக் காட்டும். ரிக்வெஸ்ட்டை வாங்கிப் பதில் எழுதும் ஜாவா கிளாஸான சர்வ்லெட்டும், ஹெச்டிஎம்எல்லுக்குள் ஜாவாவைக் கலந்து பக்கம் கட்டும் ஜேஎஸ்பியும் இந்த ஏற்பாட்டுக்காகவே செய்யப்பட்டவை. படிவத்தில் பயனர் அடித்த மற்ற விவரங்களைத் திரும்பப் போட்டுத் தருவது நம் பொறுப்பு. அதைத்தான் நான் மறந்திருந்தேன்.

இதிலிருந்து தப்பிக்கும் வழி 1999 மார்ச்சில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இலேயே இருந்தது. மைக்ரோசாஃப்ட்டில் அவுட்லுக் மெயிலைப் பிரவுசரில் கொண்டுவர முயன்றவர்களுக்கு, பக்கத்தைக் கலைக்காமல் சர்வரோடு பேச ஒரு பொருள் தேவைப்பட்டது. அதுதான் பிறகு எக்ஸ்எம்எல் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் என்று எல்லாப் பிரவுசர்களுக்கும் வந்தது. சுருக்கமாக எக்ஸ்ஹெச்ஆர். 2004-இல் ஜிமெயில், 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்த பிறகுதான் இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று பலருக்கும் உறைத்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். அசிங்க்ரனஸ் ஜாவாஸ்கிரிப்ட் அண்ட் எக்ஸ்எம்எல் என்பதன் சுருக்கம் அது. இன்று அதில் எக்ஸ்எம்எல் பெரும்பாலும் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அசிங்க்ரனஸ் என்ற சொல்தான் புதியவர்களை மிரட்டுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அதன் முன்னாலேயே யாரும் நிற்பதில்லை. காய் நறுக்குவோம், போன் வந்தால் பேசுவோம். விசில் சத்தம் கேட்டதும் போய் இறக்குவோம். ஜாவாஸ்கிரிப்ட்டும் ரிக்வெஸ்ட்டை அனுப்பிவிட்டு, ‘பதில் வந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்த ஃபங்ஷனைத்தான் கால்பேக் என்கிறோம். இடைப்பட்ட நேரத்தில் பயனர் தெருப் பெயரைத் திருத்தலாம், பக்கத்தை உருட்டலாம். எதுவும் உறையாது. எக்ஸ்ஹெச்ஆரில் காத்திருந்தே வாங்கும் முறையும் உண்டு. ஒரே ஒரு பராமீட்டரை ஃபால்ஸ் ஆக்கினால் போதும், பதில் வரும் வரை அந்தப் பக்கம் கல்லாகிவிடும். இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், தொட வேண்டாம்.

சரி, இதில் ஜாவா எங்கே வருகிறது? அண்மையில் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர் என்னிடம் இதையே கேட்டார்.

“அண்ணா, அஜாக்ஸுக்கு சர்வர் பக்கம் என்ன மாத்தணும்?”

“ஒண்ணும் மாத்த வேணாம்மா.”

அவர் நம்பவில்லை. ஆனால் விஷயம் அதுதான். சர்வ்லெட்டைப் பொறுத்தவரை பயனர் லிங்க்கை அழுத்தி வந்த ரிக்வெஸ்ட்டும் ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் அனுப்பிய ரிக்வெஸ்ட்டும் ஒன்றுதான். கெட் ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் அதே டூகெட் மெத்தட், அதே பராமீட்டர், வந்திருப்பவர் யார் என்று சர்வருக்கு நினைவூட்டும் அதே செஷன் குக்கி. மாறுவது இரண்டே: சர்வர் என்ன எழுதி அனுப்புகிறது, அது பிரவுசரில் எங்கே போய் உட்காருகிறது. முன்பு முழுப் பக்கம் போனது, பிரவுசரே அதைக் காட்டியது. இப்போது ஒரு துண்டு போகிறது, அதை எங்கே ஒட்டுவது என்று நம் ஜாவாஸ்கிரிப்ட் முடிவுசெய்கிறது.

நம் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். மாவட்டப் பெட்டியின் சேஞ்ச் நிகழ்வில் ஒரு ஃபங்ஷன் ஓடுகிறது. அது ஃபெட்ச் மூலம் (எக்ஸ்ஹெச்ஆரின் இடத்துக்கு இன்று வந்திருப்பது இது) தாலுகா சர்வ்லெட்டின் முகவரிக்கு, மாவட்டம் தேனி என்ற பராமீட்டரோடு ஒரு கெட் ரிக்வெஸ்ட் அனுப்புகிறது. சர்வ்லெட் அந்தப் பராமீட்டரை எடுத்து, டேட்டாபேஸில் தேடி, இந்த ஒரு வரியை எழுதி முடிக்கிறது:

["ஆண்டிபட்டி","உத்தமபாளையம்","தேனி","பெரியகுளம்","போடிநாயக்கனூர்"]

அவ்வளவுதான் பதில். யூடிஎஃப்-8-இல் எண்ணினால் 166 பைட். ஹெச்டிஎம்எல் இல்லை, தலைப்பு இல்லை, லோகோ இல்லை. பிரவுசர் பக்கம் கால்பேக் இதை ஜேசனாக (மேலே உள்ள வரியைப் போலத் தரவை எழுத்தாக்கும் வடிவம்) எடுத்துப் பிரித்து, தாலுகாப் பெட்டியின் பழைய ஆப்ஷன்களைத் துடைத்துவிட்டு ஐந்து புதியவற்றைச் சேர்க்கிறது. கைபேசி எண்ணை யாரும் தொடவில்லை, அதனால் அது அங்கேயே இருக்கிறது.

தமிழில் வேலை செய்கிறவர்கள் இங்கே கட்டாயம் ஒருமுறை வழுக்கி விழுவார்கள். சர்வ்லெட்டில் கேரக்டர் என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) எதுவும் சொல்லாமல், பதிலை எழுதுவதற்கான கெட்ரைட்டரைக் கூப்பிட்டால், சர்வ்லெட் விதிப்படி அது ஐஎஸ்ஓ-8859-1-இல் எழுதும். அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. எழுதத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஜாவா ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். தேனி என்ற சொல் திரையில் ???? என்று வரும். கண்ணுக்குத் தெரிவது இரண்டெழுத்து, கேள்விக்குறி ஏன் நான்கு என்றால், யூனிகோடில் த, ஏகாரக் குறி, ன, இகரக் குறி என்று நான்கு துண்டுகளாகத்தான் அது இருக்கிறது. ரெஸ்பான்ஸின் கன்டென்ட் டைப்பில் யூடிஎஃப்-8 என்று சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் கெட்ரைட்டரைக் கூப்பிடும் முன்பே சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு சேர்த்தால் எர்ரர் வராது, பலனும் இருக்காது. நான் ஒரு நாள் முழுக்க டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது பாவம், சரியாகத்தான் கொடுத்திருக்கிறது.

ஸ்ப்ரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் எழுதினால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ரிக்வெஸ்ட்டைக் கையாளும் கன்ட்ரோலர் மெத்தட் ஒரு லிஸ்ட்டைத் திருப்பினால் ஜாக்சன் லைப்ரரி அதை ஜேசனாக்கி அனுப்பிவிடும்.

ஜேசனுக்குப் பதிலாக ஹெச்டிஎம்எல் துண்டையே அனுப்புவதும் ஒரு வழி. தாலுகாப் பெட்டியை மட்டும் வரைகிற ஒரு சின்ன ஜேஎஸ்பி கோப்பை வைத்துக்கொண்டு, அதன் விளைவை அப்படியே அனுப்பி, நம் பக்கத்தில் டிவ் என்ற டேக்கால் ஒதுக்கிய இடத்துக்குள் போட்டுவிடலாம். தைம்லீஃப் என்ற டெம்ப்ளேட் லைப்ரரியில் ஒரு பக்கத்தின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் வரைந்து தரவும் வசதி உண்டு. பழையது என்று சிலர் இதை இளக்காரமாகப் பார்ப்பார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். பெட்டி எப்படித் தோன்ற வேண்டும் என்பது ஒரே இடத்தில், ஜாவா பக்கத்திலேயே இருக்கிறது. அதே அலங்காரத்தை ஜாவாஸ்கிரிப்ட்டில் இரண்டாம் முறை எழுத வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: பயனர் எங்கோ அடித்த எழுத்து அந்தத் துண்டில் இருந்தால் அதை எஸ்கேப் செய்துவிட்டு (டேக்காக ஓடாமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றிவிட்டு) அனுப்புங்கள். இல்லையென்றால் யாரோ தன் பெயர்க் கட்டத்தில் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் இன்னொருவர் பிரவுசரில் ஓடும்.

ஜாவாவிலேயே பிறந்து வளர்ந்த வழி ஜேஎஸ்எஃப் (ஜாவாசர்வர் ஃபேசஸ்). பெட்டி, பொத்தான் எல்லாவற்றையும் டேக்குகளாக வைத்துப் பக்கம் கட்டும் ஃபிரேம்வொர்க் அது. 2004-இல் அதன் முதல் பதிப்பு வந்தபோது அஜாக்ஸ் அதில் இல்லை. ரிச்ஃபேசஸ், ஐஸ்ஃபேசஸ் போன்ற வெளி லைப்ரரிகள் ஆளுக்கொரு விதமாக ஒட்டுப்போட்டன. 2009-இல் ஜேஎஸ்எஃப் 2.0 வந்தபோது எஃப் அஜாக்ஸ் என்ற டேக் தரத்திலேயே சேர்ந்துவிட்டது. மாவட்டப் பெட்டியின் டேக்குக்குள் இந்த டேக்கை வைத்தால் போதும், ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட நாம் எழுத வேண்டியதில்லை.

அந்த டேக்கில் கவனிக்க வேண்டியவை எக்ஸிக்யூட், ரெண்டர் என்ற இரண்டு ஆட்ரிபியூட்கள். எக்ஸிக்யூட் என்பது எதையெல்லாம் சர்வர் வாங்கிச் சரிபார்க்க வேண்டும் என்பது. ரெண்டர் என்பது எதையெல்லாம் மறுபடி வரைந்து அனுப்ப வேண்டும் என்பது. ஒன்றும் சொல்லாவிட்டால் எக்ஸிக்யூட் அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளும், ரெண்டர் எதையும் வரையாது. நாம் ரெண்டரில் தாலுகாப் பெட்டியின் ஐடியைக் கொடுக்கிறோம், லிஸனர் என்ற இன்னொரு ஆட்ரிபியூட்டில், தாலுகாக்களை ஏற்றும் பீன் (பக்கத்துக்கான தரவை வைத்திருக்கும் ஜாவா பொருள்) மெத்தடைக் கொடுக்கிறோம். முடிந்தது. ஜேஎஸ்எஃபின் மேல் கட்டிய பிரைம்ஃபேசஸ் லைப்ரரியில் இதே இரண்டும் பிராசஸ், அப்டேட் என்ற பெயரில் இருக்கும்.

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் டேபில் இதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். மாவட்டத்தை மாற்றியதும் ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட் கிளம்பும். பதிலாக ஒரு சின்ன எக்ஸ்எம்எல் வரும் (அஜாக்ஸின் கடைசி எழுத்து பிழைத்திருக்கும் இடம் இது). அதற்குள் அப்டேட் என்ற டேக், அதில் மாற்ற வேண்டிய இடத்தின் ஐடி, உள்ளே தாலுகாப் பெட்டியின் புதிய ஹெச்டிஎம்எல். அந்த ஐடி நீங்கள் கொடுத்தது போல இருக்காது. முன்னால் ஃபார்மின் ஐடியும் ஒரு கோலனும் சேர்ந்திருக்கும். அந்த ஃபார்முக்கு வெளியே இருந்து குறிப்பிடும்போது இந்த முழுப் பெயர்தான் வேண்டும். கூடவே வியூ ஸ்டேட் என்று இன்னொரு அப்டேட்டும் வரும். அடுத்த ரிக்வெஸ்ட்டில் ‘நான் அதே பக்கம்தான்’ என்று சர்வரிடம் காட்டுகிற டோக்கன் அது.

இனி, ஜேஎஸ்எஃபில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். எக்ஸிக்யூட்டில் ஃபார்ம் முழுவதையும் கொடுத்துவிடுவார்கள். பயனர் இன்னும் கைபேசி எண் அடிக்கவில்லை, அது கட்டாயக் கட்டம். மாவட்டத்தை மாற்றுகிறார். சர்வர் எல்லாவற்றையும் சரிபார்க்கிறது, கைபேசி எண் இல்லை என்பதால் வேலிடேஷன் தோற்கிறது, லிஸனரைக் கூப்பிடாமலேயே ஜேஎஸ்எஃப் நேராக வரையும் கட்டத்துக்குப் போய்விடுகிறது. பழைய தாலுகாப் பட்டியலே திரும்ப வருகிறது. எர்ரர் செய்தி உருவாகியிருக்கும், ஆனால் செய்திப் பகுதி ரெண்டர் பட்டியலில் இல்லாததால் திரைக்கு வராது. பார்க்கிறவருக்கு ‘அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை’ என்றுதான் தோன்றும். அதனால் பழகும் வரை, செய்திகளைக் காட்டும் பகுதியை எல்லா ரெண்டரிலும் சேர்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று பீனின் ஆயுள். ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில் பீனை வைத்தால், தாலுகாக்களை ஏற்றிய பீன் அந்த அஜாக்ஸ் ரிக்வெஸ்ட்டோடு செத்துவிடும். பயனர் பெரியகுளத்தைத் தேர்ந்தெடுத்து சேமி பொத்தானை அழுத்தும்போது புதிய பீன் காலிப் பட்டியலோடு வருகிறது. ‘அனுப்பிய மதிப்பு பட்டியலில் இல்லையே’ என்று ஜேஎஸ்எஃப் மறுத்துவிடுகிறது. திரையில் பட்டியல் பளிச்சென்று தெரிகிறது, சர்வரோ அப்படி ஒரு பட்டியலே இல்லை என்கிறது. வியூ ஸ்கோப்புக்கு மாற்றினால் அந்தப் பக்கத்தில் இருக்கும் வரை பீன் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது சின்னது, ஆனால் கடுப்பேற்றும். ரெண்டர்டு என்ற ஆட்ரிபியூட் ஃபால்ஸ் ஆக இருக்கும் பகுதி முதல் முறை பிரவுசருக்கே போயிருக்காது. இல்லாத இடத்தில் எதை மாற்றுவது? அதைச் சுற்றி எப்போதும் இருக்கும் ஒரு பேனல் குரூப்பை வைத்து, அந்தக் குரூப்பின் ஐடியை ரெண்டரில் கொடுங்கள்.

நடுவில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சர்வ்லெட் 3.0-இலும் அசிங்க் என்று ஒன்று 2009-இல் வந்தது. பெயர் ஒன்று, சங்கதி வேறு. அது சர்வருக்குள் நடப்பது: ஒரு ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தயாராக நேரமாகும் என்றால், சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வரான டாம்கேட்டின் த்ரெட்டை (ஒரு நேரத்தில் ஒரு வேலையைக் கவனிக்கும் இழை) அதுவரை பிடித்து வைத்திருக்காமல் விடுவிக்கும் ஏற்பாடு. அஜாக்ஸுக்கு அது தேவையே இல்லை. தாலுகாப் பட்டியலுக்குப் போய், அதைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்அசிங்க் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில் இனி முழுப் பக்கம் இல்லை என்பதை மறந்தால் என்னவாகும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. தாலுகாப் பெட்டியைச் சுற்றி ஒரு டிவ் வைத்து, வருகிற ஹெச்டிஎம்எல்லை அதற்குள் போடும்படி எழுதியிருந்தேன். காலையில் அருமையாக ஓடியது. சாப்பிட்டு வந்து, திறந்தே இருந்த பக்கத்தில் மாவட்டத்தை மாற்றிக் காட்டினேன். தாலுகா இருக்க வேண்டிய இடத்தில், அந்தச் சின்ன டிவ்வுக்குள், எங்கள் லாகின் பக்கம் லோகோவோடு வந்து குந்தியிருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

நடந்தது இதுதான். டாம்கேட்டில் செஷனுக்கு இயல்பாக 30 நிமிடம். அது காலாவதியாகிவிட்டதால் லாகினைச் சரிபார்க்கும் செக்யூரிட்டி ஃபில்டர் ரிக்வெஸ்ட்டை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. பிரவுசர் அந்தத் திருப்பலை நம் ஜாவாஸ்கிரிப்ட்டிடம் சொல்லாமல் தானே பின்தொடர்ந்து, லாகின் பக்கத்தை 200 என்ற வெற்றிக் குறியோடு கையில் கொடுத்துவிட்டது. என் ஃபங்ஷனும் ‘ஆகா, தாலுகா வந்துவிட்டது’ என்று அதை ஒட்டிவிட்டது. இப்போது பின்னணி ரிக்வெஸ்ட்டுகளில் நாமே ஒரு ஹெட்டர் வைத்து அனுப்புகிறோம், ஃபில்டர் அதைக் கண்டால் திருப்பாமல் 401 (லாகின் தேவை என்ற குறி) கொடுக்கிறது, 401 வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் முழுப் பக்கத்தையும் லாகினுக்குக் கொண்டுபோகிறது. ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இப்படி ஒரு ஹெட்டரைத் தானே சேர்க்கும், ஃபெட்ச் சேர்க்காது. ஃபெட்ச்சின் இன்னொரு குணமும் இங்கே ஒட்டியது: சர்வர் 500 (உள்ளே கோளாறு என்ற குறி) என்று அலறினாலும் அதற்கு அது தோல்வி இல்லை, பதில் வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஓகே என்ற ப்ராப்பர்ட்டியை நாம்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் தன் படிவத்தை முடித்துவிட்டு என்னிடம் காட்டினார். நன்றாக ஓடியது. நெட்வொர்க் டேபில் வேகத்தைக் குறைக்கிற வசதியில் மெதுவான இணைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மதுரையை அழுத்தி, உடனே தேனிக்கு மாற்றச் சொன்னேன். நாலைந்து தடவை ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை, மாவட்டத்தில் தேனி, தாலுகாவில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்.

“இது எப்படிண்ணா?”

இரண்டு ரிக்வெஸ்ட் போயிருந்தது. மதுரை முதலில் கிளம்பியது, ஆனால் அதன் பதில் கடைசியில் வந்தது. போன வரிசையிலேயே பதிலும் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இரண்டு குக்கர் வைத்தால் எது முதலில் விசிலடிக்கும் என்று சொல்ல முடியாதே, அது போல. கடைசியாக வந்த பதில் முன்னதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஜேஎஸ்எஃபின் எஃப் அஜாக்ஸ் தன் ரிக்வெஸ்ட்டுகளை வரிசையில் நிறுத்தி, ஒன்றின் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் என்பதால் அங்கே இது வராது. ஃபெட்ச்சை நேரடியாக எழுதியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் அபார்ட் கன்ட்ரோலர் என்ற பொருளைத் தேடிப் பிடித்து, புதிய ரிக்வெஸ்ட் கிளம்பும் முன் பழையதைக் கைவிடும்படி நாலு வரி சேர்த்தார். மறுபடி மெதுவான இணைப்பில் மதுரை, தேனி, மதுரை, தேனி என்று அழுத்திக்கொண்டே இருந்தார். நெட்வொர்க் டேபில் கைவிடப்பட்டவை சிவப்பில் வரிசையாக விழுந்தன. கடைசி ஒன்று மட்டும் 200 காட்டியது, பட்டியலில் போடிநாயக்கனூர் வந்து நின்றது.